இரவில்தான் வேலை ஓடுகிறது, நைட் ஷிஃப்டுக்கே போய்விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. திருச்சியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை: நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை (சார்ட்) படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு எண்ணைப் போடுவது. போன வருடம் எங்கள் கம்பெனியில் ஃப்ளெக்ஸி டைமிங் கொண்டுவந்தார்கள். காலை 11 மணி டீம் ஹடிலில் மட்டும் எல்லோரும் இருக்க வேண்டும். மற்றபடி எட்டு மணி நேரத்தை நாமே பிரித்துக்கொள்ளலாம். பையனை அனுப்பிவிட்டு 9 மணிக்கு லாகின் செய்கிறேன். ஆனால் பகலில் ஒரு சார்ட்டைத் திறந்தால் முடிக்க முடிவதில்லை. இரவு ஒன்பதரைக்கு ஒரு காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றரை வரை மடமடவென்று ஓடுகிறது. என் உடம்பின் இயல்பே இரவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும், எழுந்தாக வேண்டும். கணவர் 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாலை 5 மணிக்கு வருவார். பையனுக்கு எட்டேகாலுக்கு வேன். ஞாயிறு அன்று 9 மணிவரை தூங்கினால், "வெயில் ஏறுகிற வரைக்கும் தூங்கினால் வீட்டில் மூதேவி வந்து உட்காருவாள்" என்கிறார் மாமியார். கோடை விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனால்தான் நிம்மதி. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கித் தீர்த்த பிறகு, பதினொன்றரைக்குப் படுத்து ஏழரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். மூன்று மாதமாக ஆடிட்டில் 97 சதவீதமாக இருந்த குவாலிட்டி 94-க்கு இறங்கிவிட்டது. இப்போது இரவு 7 முதல் அதிகாலை 4 வரை நிரந்தர நைட் ஷிஃப்டுக்கு ஆள் கேட்கிறார்கள், அலவன்ஸும் உண்டு. என் இயல்புக்கு ஒத்துவரும் என்று சேர்ந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேர வேண்டாம். தூக்கப் பிரச்சினைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் உடம்பின் இயல்பு இரவு இல்லை. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அம்மா வீட்டில் பதினொன்றரைக்குப் படுத்து ஏழரைக்கு விழிக்கிறீர்கள்.

ஒருவருடைய உடல் எந்த நேரத்துக்கு ஏற்றது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அலாரம் இல்லாத நாட்களில், பழைய தூக்கக் கடனையெல்லாம் அடைத்த பிறகு, தூங்கத் தொடங்கும் நேரத்துக்கும் விழிக்கும் நேரத்துக்கும் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது. மியூனிக் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடைய குழுவும் இதை வைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களின் உடல் கடிகாரத்தைக் கணக்கிட்டார்கள். அவர்கள் திரட்டிய ஐரோப்பியத் தகவல்களில் பெரும்பாலோருக்கு நடுப்புள்ளி அதிகாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் இருந்தது. உங்களுக்கு மூன்றரை. அதாவது நடுவிலும் கொஞ்சம் முன்பக்கம்தான் நிற்கிறீர்கள். நிஜமான ராக்கோழிக்கு அம்மா வீட்டிலும் அதிகாலை 3 மணிக்குத்தான் தூக்கம் வரும், 11 மணிக்குத்தான் விழிப்பு வரும்.

இப்போது வார நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறீர்கள். அதற்கும் நடுப்புள்ளி மூன்றரைதான்! இதைப் படித்தபோது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. உங்கள் உடல் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. தூக்கத்தைத்தான் இரண்டு முனையிலும் வெட்டியிருக்கிறார்கள்: முன்னால் இரண்டு மணி நேரத்தை வேலை வெட்டிவிட்டது, பின்னால் இரண்டு மணி நேரத்தைத் தண்ணீர்க் குழாய் வெட்டிவிட்டது. நான்கு மணி நேரத் தூக்கத்தில் மூன்று மாதம் ஓட்டினால் யாருடைய குவாலிட்டியும் இறங்கத்தான் செய்யும்.

சரி, அப்படியானால் இரவு ஒன்பதரைக்கு ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம்.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். காலையில் எழுந்ததிலிருந்து தூக்கத்தின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். அது நம்மைச் சாய்த்துவிடாமல் இருக்க, இந்தக் கடிகாரம் பகல் முழுக்க எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த முட்டு மிக வலுவாக இருப்பது மாலையில், வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில். இஸ்ரேலைச் சேர்ந்த பெரட்ஸ் லாவி 1980-களில் இதை அளந்து காட்டினார். அந்த நேரத்தில் படுக்கச் சொன்னாலும் மனிதர்களுக்கு எளிதில் தூக்கம் வருவதில்லை. பதினொன்றரைக்குத் தூங்க வேண்டிய உடம்பு ஒன்பது, ஒன்பதரைக்குத் துடிப்பாக இருப்பது ரொம்ப இயல்பு. அதைப் பார்த்துவிட்டு "நான் இரவு ஆள்" என்று முடிவுகட்டக் கூடாது. பதினொன்றுக்குப் பிறகு அந்த முட்டு விலகிவிடும். அதன் பிறகு உங்களை உட்கார வைத்திருப்பது காபி. காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்த காபியில் பாதி அதிகாலை இரண்டரைக்கும் உள்ளே இருக்கும். ஒன்றரைக்குப் படுத்தாலும் அந்தத் தூக்கம் ஆழமாக இருக்காது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். இரவு ஒன்பதரைக்கு மேல் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

என்னிடம் வரும் பெண்களில், முக்கியமாக வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில், இப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பகலில் ஒரு சார்ட்டைத் திறப்பீர்கள்; கேஸ் சிலிண்டர்காரர் மணியடிப்பார். உட்கார்ந்து டாக்டரின் குறிப்பைப் பாதி படிப்பதற்குள், "அம்மாடி, அந்த பிரஷர் மாத்திரை எங்கே?" என்று குரல் வரும். அப்புறம் கூரியர், குக்கர், பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொன்றும் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால் நோயாளிக்கு என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முதலிலிருந்து படிக்க வேண்டும். வீட்டில் இருப்பதால் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் நான்கு மணி நேரத்தில் வேலை ஓடுவதற்குக் காரணம் அந்த அமைதி. உங்களுக்குத் தேவை நைட் ஷிஃப்ட் அல்ல, பகலில் கதவைச் சாத்திக்கொள்ள இரண்டு மணி நேரம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தொழிலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒவ்வொரு சார்ட்டும் எத்தனை மணிக்கு முடிந்தது என்று பதிவாகியிருக்கும், ஆடிட்டில் பிடிபட்ட பிழையும் எழுத்தில் இருக்கும். கடந்த மூன்று மாத ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பிழைகளை நேரவாரியாகப் பிரியுங்கள்: காலை 9 முதல் 11, மதியம் 2 முதல் 4, இரவு ஒன்பதரை முதல் 11, பதினொன்றுக்கு மேல். அந்தந்த நேரத்தில் மொத்தம் எத்தனை சார்ட் முடித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், வெறும் பிழை எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பிழையின் வகையையும் கவனியுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு, நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐசிடி-10 கோடில் எம்17.11 என்றால் வலது கால், எம்17.12 என்றால் இடது கால். தெரியாததால் வரும் பிழை வேறு. தெரிந்தும் அந்தக் கடைசி எண் மாறி விழுவது வேறு. இரண்டாவது வகை பதினொன்றுக்கு மேல் குவிந்திருக்கும் என்பது என் ஊகம். தூக்கம் கெட்ட மூளையில் முதலில் விட்டுப்போவது இந்த மாதிரிச் சின்ன கவனம்தான். அது விட்டுப்போவது நமக்கே தெரியாது, அதனால் நன்றாக ஓடுவது போலவே தோன்றும்.

நைட் ஷிஃப்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணியை, அது உடல் கடிகாரத்தைக் குலைப்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுக்குத்தான் வந்தது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான். ஆபத்தின் அளவு எவ்வளவு என்பதை அல்ல. நர்ஸுகளும் ரயில்வேக்காரர்களும் இரவில் வேலை பார்க்காமல் நாடு ஓடாது. ஆனால் உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. நான்கு மணிக்கு லாக்அவுட் செய்தால் ஐந்தரைக்குத் தண்ணீர், எட்டேகாலுக்கு வேன். பகலில் எப்போது தூங்குவீர்கள்? இப்போதே பகலில் இரண்டு மணி நேரம் உங்களைத் தனியாக விடாத வீடு, ஏழு மணி நேரம் தூங்க விடுமா? அலவன்ஸ் வரும், இருக்கிற நான்கு மணி நேரத் தூக்கமும் போய்விடும்.

ஃப்ளெக்ஸி டைமிங் நல்ல ஏற்பாடு, அதை விட்டுவிடாதீர்கள். 1967-ல் மியூனிக் பக்கத்தில் ஓட்டோப்ரூன் என்ற இடத்தில் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் இதைக் கொண்டுவந்தபோது, காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சாலை அடைத்துக்கொள்வதைத் தவிர்ப்பதுதான் நோக்கமாக இருந்தது. எல்லோரும் இருக்க வேண்டிய பொதுநேரம் ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வசதி. உங்கள் 11 மணி ஹடில் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நீங்கள் அதில் விழுந்திருக்கிறீர்கள். காலை 9 மணிக்குத் தொடங்கும் வேலைநாள் இரவு ஒன்றரைக்கு முடிகிறது. பதினாறரை மணி நேரம் பரந்து கிடக்கிறது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதோடு நிற்கவில்லை. இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாள் வேலை பத்தரை மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது என்றும் சொன்னது. வீட்டிலிருந்து கோடிங் செய்பவருக்காக எழுதிய சட்டம் இல்லைதான். ஆனாலும் உழைக்கிறவரின் நாளை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியது. நேரம் நம் கையில் வந்தால், முதலில் தூங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் வேலையை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். ஒருமுறை அடுக்கிவிட்டால் தினமும் அதே நேரம்தான். ஞாயிற்றுக்கிழமையும்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் போட்டுத் தரும் நேரம் இது. இரவு 11 மணிக்குப் படுக்கை, காலை ஆறரைக்கு விழிப்பு. உங்கள் இயல்பைவிட முக்கால் மணி நேரம்தான் முன்னால் வருகிறது, உடம்பு அதற்குப் பழகிவிடும். நான்கு மணிக்கு எழுந்து வாழ்க்கையை மாற்றச் சொல்லும் வீடியோக்களை நீங்கள் பார்க்கவே வேண்டாம். எட்டரைக்கு லாகின். 9 முதல் 11 வரை அறைக்கதவு சாத்தியிருக்கும், போன் வெளியே இருக்கும். கடினமான சார்ட்டுகளையெல்லாம் அப்போது முடியுங்கள். ஹடில் முடித்து ஒரு மணி வரை வேலை. சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் கண் அயரலாம், அதற்கு மேல் வேண்டாம். மதியம் இரண்டு மணி வாக்கில் எல்லோருக்குமே கவனம் கொஞ்சம் சரியும், சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அதனால் 2 முதல் மூன்றேமுக்கால் வரை மெயில், க்வெரி, எளிய சார்ட்டுகள். மாலை பையனுக்கு. ஏழேகால் முதல் ஒன்பது வரை மறுபடி உட்காருங்கள். நீங்கள் இரவில் உணரும் அந்தத் தெளிவு அப்போதே கிடைக்கும். ஒன்பதுக்கு மூடிவிடுங்கள். எட்டு மணி நேரம் கணக்காக வந்துவிடும்.

இதற்கு நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

முதலாவது, வீடு. ஐந்தரை மணித் தண்ணீரை உங்கள் கணவரோ மாமியாரோ பிடிக்க வேண்டும். மாமியார் எப்படியும் 5 மணிக்கு விழித்துவிடுவார் என்றே நினைக்கிறேன். அது அவருடைய சுறுசுறுப்பு, உங்களுடையது சோம்பல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதின்ம வயதில் உடல் கடிகாரம் பின்னால் போகும். இருபதை ஒட்டி அதிகமாகப் பிந்தியிருக்கும். அதன் பிறகு வயது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். அறுபதைத் தாண்டியவர் சீக்கிரம் விழிப்பதும் முப்பதில் இருப்பவர் ஏழரைக்கு விழிப்பதும் வயதின் வேலை. மூதேவியை இதில் இழுக்க வேண்டியதில்லை. இதை வாதமாகச் சொல்லாதீர்கள். "அத்தை, எனக்கு ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கிறது, டாக்டர் பயப்படுகிறார்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். குடம் தூக்க அவருக்கு முடியாது என்றால் கணவர் பிடிக்கட்டும். அவரிடம் நேரடியாகவே சொல்கிறேன்: ஐயா, காலையில் தண்ணீர் பிடிப்பதும், மாலையில் இரண்டு தோசை ஊற்றிப் பையனைச் சாப்பிட வைப்பதும் உங்கள் மனைவிக்கு நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை. அவருடைய சம்பளத்தில் உங்கள் வீடும் நடக்கிறது. மூன்று மாதமாக அவர் பாதித் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, டீம் லீட். "எனக்கு இந்த நேரம்தான் ஒத்துவரும்" என்று வாயால் சொன்னால் காதில் விழாது. பிழைகளை நேரவாரியாகப் பிரித்தீர்களே, அந்த ஒரு தாளைக் காட்டுங்கள். "இந்த நேரங்களில் நான் லாகினில் இருப்பேன், நான்கு வாரம் பார்ப்போம், குவாலிட்டி ஏறவில்லை என்றால் மாற்றிக்கொள்கிறேன்" என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான டீம் லீடுகளுக்கு வேண்டியது ஆடிட் சதவீதம்.

நேரத்தை மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு அரை மணி நேரம் வீதம் படுக்கையை முன்னால் கொண்டுவாருங்கள். அதைவிடப் பெரிய உதவி காலை வெளிச்சம். நம் உள்கடிகாரத்துக்கு ஒரு சுற்றுக்கு 24 மணியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது; தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. நீங்கள் வேலை செய்யும் அறை ஏசிக்காகத் திரை போட்ட அறையாக இருந்தால் அங்கே நூறு, இருநூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸ் வரை இருக்கும். ஆகவே எழுந்ததும் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடங்கள், காபியை அங்கேயே குடியுங்கள். கடைசிக் காபி மதியம் 3 மணிக்கு முன்னால். வேலையை மூடிய பிறகு டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு ஒன்று போதும். தூக்கத்துக்காகச் சிலர் போடும் மெலடோனின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதில் மாத்திரையைவிட அதைப் போட்டுக்கொள்ளும் நேரம் முக்கியம், நேரம் தவறினால் கடிகாரம் வேறு பக்கம் நகரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் உண்மையான ராக்கோழிகளும் இருப்பீர்கள். விடுமுறையிலும் கல்லூரிக் காலத்திலும் எப்போதும் 3 மணிக்குத்தான் தூக்கம், காலை வெளிச்சம், ஒழுங்கு எல்லாம் முயன்றும் நகரவில்லை என்றால், அது பழக்கத்தின் கோளாறு இல்லை. 2017-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் யங்கின் ஆய்வகம், சிஆர்ஒய்1 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் சில குடும்பங்களில் இப்படிப் பிந்திய தூக்கத்தோடு சேர்ந்தே வருவதை அதே ஆண்டு கண்டறிந்தது. உங்களுக்கு நண்பகலில் தொடங்கி இரவு 9 மணிக்கு முடியும் வேலைநேரம் வசதிக்காகக் கேட்பது அல்ல, மருத்துவத் தேவை. தூக்க மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கிக் கேளுங்கள்.

சகோதரி, உங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. தூக்கம் ஏழு மணி நேரம் ஆன பிறகும் பகலில் அசதி விடவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். குறட்டை உண்டா என்று கணவரைக் கேளுங்கள். பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது கண் சொருகுகிறது என்றால் இன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நைட் ஷிஃப்டுக்குப் பதில் சொல்ல ஹெச்ஆரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து, தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம் எழுதிய தாளையும் புது ஆடிட் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். நேரத்தை இன்னும் கால் மணி, அரை மணி நகர்த்த வேண்டுமா என்று அப்போது பார்ப்போம்.